22 செகண்ட்

"நீங்கதானே மேடம் காட்டுனீங்க, மூச்சு விடுதுன்னு?" அந்தப் பொண்ணு கேட்ட இந்தக் கேள்வி இன்னும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு.

38 வாரக் கர்ப்பம், குழந்தை அசைவு கம்மியா தெரியுதுன்னு என்கிட்ட பயோஃபிசிக்கல் ப்ரொஃபைலுக்கு அனுப்பியிருந்தாங்க, அதாவது வயித்துக்குள்ள குழந்தை எப்படி இருக்குன்னு ஸ்கேன்ல நாலு விஷயம் பாத்து, ஒவ்வொண்ணுக்கும் 2ன்னு 8க்கு மார்க் போடுற டெஸ்ட். பனிக்குடத் தண்ணி சரியா இருந்துச்சு, கை கால் அசைவு, விரல மடக்கி விரிக்கிறது எல்லாம் சீக்கிரமே கிடைச்சுடுச்சு, மூச்சு மட்டும் வரல. உள்ள காத்து ஏது, நுரையீரல் பூரா தண்ணிதான், ஆனாலும் குழந்தை மூச்சு விட்டுப் பழகும், அப்படிப் பழகுனாதான் நுரையீரலே ஒழுங்கா வளரும். கடைசி மாசத்துலயும் ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு நேரம்தான் விடும், தூங்கிட்டா 20 நிமிஷம், 40 நிமிஷம் கூட சும்மா கிடக்கும். அதனாலதான் 30 நிமிஷம் வரைக்கும் பாக்கணும், அதுக்குள்ள ஒரு தடவையாவது தொடர்ந்து 30 செகண்ட் வந்தா 2 மார்க், இல்லன்னா 0. நடுவுல 1 கிடையாது.

27வது நிமிஷம் வந்துச்சு. நெஞ்சு உள்ள போக வயிறு வெளிய வர, ஈரலும் கிட்னியும் சேந்து மேல போய்க் கீழ வருது. எனக்கு அவ்ளோ சந்தோஷம், ஸ்க்ரீன அவங்க பக்கம் திருப்பி "இதோ பாருங்கம்மா, மூச்சு விடுது"ன்னுட்டேன். 22 செகண்ட்ல நின்னுடுச்சு. அப்புறம் நேரம் முடியிற வரைக்கும் ஒண்ணும் இல்ல.

0 போட்டேன், 8க்கு 6. சொன்னப்பதான் அந்தக் கேள்வி. "விட்டுச்சும்மா, ஆனா பத்தல"ன்னேன். பத்தலன்னு ஒரு தாய்கிட்ட சொல்ற வார்த்தையா அது? வேற எப்படிச் சொல்லியிருக்கலாம்னு இப்ப வரைக்கும் எனக்கு வரல.

ஆக்சிஜன் குறையுறப்ப முதல்ல நிக்கிறதுல மூச்சும் ஒண்ணு, அதனால பாவம்னு பாத்து மார்க் போட முடியாது, அதுல நான் உறுதியா இருக்கேன். ஆனா பிரசவம் நெருங்குற நாள்லயும் மூச்சு குறையும், அதுவாவும் இருந்திருக்கலாம். அன்னைக்கே மருந்து குடுத்து வலி வர வெச்சாங்க, குழந்தை பொறந்ததும் நல்லா அழுதுச்சுன்னு சொன்னாங்க. அத வெச்சு என் 0 தப்புன்னும் ஆகாது, சரின்னும் ஆகாது.

உறுத்துறது வேற. நான் ஸ்டாப்வாட்ச அழுத்துனது எப்ப? மூச்சப் பாத்த உடனேயா, இல்ல ஸ்க்ரீன திருப்பி, அவங்களக் கூப்பிட்டுக் காட்டுனதுக்கு அப்புறமா? சேவ் பண்ண க்ளிப்ப திரும்பத் திரும்பப் பாத்தேன், அதோட முதல் ஃப்ரேம்லயே நெஞ்சு பாதி உள்ள போயிருக்கு. அதுக்கு முன்னாடி எத்தனை செகண்ட் போச்சோ, அது ரெக்கார்ட்ல இல்ல. 8 செகண்ட் ஸ்க்ரீன திருப்புறதுல போயிருக்குமா? போயிருக்காதுன்னு சில நாள் தோணுது, போயிருக்கும்னு சில நாள்.

இப்பல்லாம் மூச்சு தெரிஞ்சா முதல்ல பட்டனதான் அழுத்துறேன், 30 ஆகுற வரைக்கும் வாயே திறக்கறதில்ல. படுத்திருக்கறவங்க என் மூஞ்சியவே பாத்துட்டு இருக்காங்க, போன வாரம் ஒருத்தங்க கையப் பிடிச்சுட்டு "ஏன் மேடம் ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்க"ன்னு கேட்டாங்க, அப்ப 19 ஓடிட்டு இருந்துச்சு.