ரெப்ரெஸிவ்லியும் ஆப்ரெஸிவ்லியும் குழம்பாம இருக்க நான் படிச்ச விதம்

வொக்காபுலரி டெஸ்டுக்குப் படிச்சப்ப என்னை ரொம்ப நாள் படுத்தினது ரெப்ரெஸிவ்லிங்கிற வார்த்தை. அடக்குமுறையோடனு அர்த்தம் மனப்பாடமா தெரியும், ஆனா ஒரு மாடல் டெஸ்ட்ல கோடிட்ட இடத்துக்கு அடுத்து ஹாட்னு இருந்துச்சு, ஆப்ஷன்ல ரெப்ரெஸிவ்லியும் ஆப்ரெஸிவ்லியும் பக்கத்துல பக்கத்துல, நான் முதல்ல இருந்தத டிக் பண்ணி மார்க்க விட்டேன். நோட்டுல ரெண்டுக்குமே 'அடக்குற மாதிரி'னு ஒரே அர்த்தத்த எழுதி வச்சிருந்தா வேற என்ன நடக்கும்.

அன்னைக்குத்தான் லத்தீன் வேரப் பாத்தேன். எல்லாத்துக்கும் தாய் ஒண்ணுதான், பிரெமெரே, அழுத்துறதுனு அர்த்தம். முன்னாடி ஒட்டுற துண்டுதான் அழுத்தம் எந்தப் பக்கம்னு சொல்லுது. ரெ-னா பின்னால, கிளம்பி வர்றத திரும்ப உள்ள தள்ளுறது, அழுகைய அடக்குறதும் அதான், மக்கள வாயத் திறக்கவிடாம ஆட்சி பண்றதும் அதான். சப்னா கீழ. நாம 'விஷயத்த அமுக்கிட்டாங்க'னு சொல்றோம்ல, அது அப்படியே சப்ரெஸ், எந்த டிக்‌ஷனரி அர்த்தத்தவிடவும் எனக்கு இதுதான் மனசுல நின்னுச்சு. ஆப்ரெஸ்ல முன்னாடி வர்றது ஆப்-ங்கிற துண்டு, எதிர்த்து வந்து மேல விழுந்து நசுக்குறது. புழுக்கத்துல மூச்சு முட்டும்போது வெக்கையே நெஞ்சு மேல ஏறி உக்காந்த மாதிரி இருக்கும் பாருங்க, அதுக்குத்தான் ஆப்ரெஸிவ்லி ஹாட். வெயில் யாரையும் திருப்பி உள்ள தள்ளல, அதனால அங்க ரெப்ரெஸிவ்லி ஒட்டாது.

ஸ்பெல்லிங்கும் இதுலயே செட் ஆயிடும். சப்ரெஸ், ஆப்ரெஸ் ரெண்டுலயும் பேப்பர்ல வர்ற பி ரெண்டு தடவ வரும், ஏன்னா சப், ஆப்-ங்கிற முன்துண்டோட கடைசில இருந்த, பஸ்ல வர்ற பி, அடுத்த எழுத்தப் பாத்து அதாவே மாறிடுச்சு, ரெ-க்கு கடைசில மாற எழுத்தே இல்ல, அதனால ஒண்ணுதான்.

வால்ல இருக்கிற இவ் லத்தீன், லி மட்டும் ஆங்கிலத்தோட சொந்தச் சரக்கு.

படிக்கிறவங்க ஒரு பக்கத்துல நடுவுல பிரெஸ்னு எழுதி, உள்ள, வெளிய, கீழ, பின்னாலனு அம்புக்குறி போட்டுப் பாருங்க. இம்ப்ரெஸ், எக்ஸ்பிரெஸ், டிப்ரெஸ் எல்லாம் அதுலயே வந்து உக்காந்துரும். நான் அடுத்த பக்கத்துல அனுப்புறதுங்கிற அர்த்தத்துல வர்ற மிட்டெரேவ எழுதினேன், அட்மிட், பெர்மிட், சப்மிட், ஒமிட்னு ஒரே உக்காரல்ல முடிஞ்சுது.