எலுமிச்சை இலையில் ஒரு எச்சம்

காலையில் எலுமிச்சைச் செடியின் இலையில் ஏதோ பறவை எச்சம் என்று துடைக்கப் போனேன்.

எச்சம் நகர்ந்தது!

வண்ணத்துப்பூச்சிப் புழு. கருப்பும் பழுப்புமாக, நடுவில் வெள்ளைத் திட்டு. பறவையே ஏமாந்துவிடும், நான் எம்மாத்திரம்.

பக்கத்துக் கிளையில் அதன் அண்ணன், நல்ல இலைப்பச்சையில். நான்கு முறை தோல் உரித்த பிறகுதான் அந்தப் பச்சை வரும்.

கேமராவைக் கிட்டே கொண்டுபோனேன். இலை விளிம்பைக் கால்களால் பற்றிக்கொண்டு, மேலிருந்து கீழாக அரைவட்டமாகக் கடித்துக்கொண்டே வருகிறது. கீழே வந்ததும் தலையைத் தூக்கி மறுபடி மேலிருந்து. அத்தனை சீராக.

மெல்லத் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பு ஒன்று பாம்பு நாக்கு போல நீண்டது. கூடவே குப்பென்று ஒரு நெடி. சில நொடிகளில் உள்ளே இழுத்துக்கொண்டது. பாவம், பயந்துவிட்டது.

அப்புறம் வேலையே ஓடவில்லை. கூட்டுப்புழுவானதும் இந்த உடம்பின் பெரும்பகுதி கரைந்துதான் புது உடம்பு உருவாகும். ஆனால் எல்லாமே அழிந்துவிடுவதில்லை. 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு வாசனை வரும்போதெல்லாம் புழுக்களுக்கு லேசான மின் அதிர்ச்சி கொடுத்துப் பழக்கினார்கள். அவை அந்துப்பூச்சிகளாகி வெளியே வந்த பிறகும், பெரும்பாலானவை அந்த வாசனையை விட்டு விலகியே போயின.

இறக்கை முளைத்த பிறகும் புழுவாக இருந்த நாள் ஒன்று உள்ளே எங்கோ மிஞ்சியிருக்கிறது.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். பாதி இலை காலி. இன்னும் தின்றுகொண்டிருக்கிறது.

இந்த முறை தொடவில்லை.