மூன்றாவது அட்டைக்குக் கீழே

மார்ச் 3
இரவு 11 மணி. கரப்பான் பெட்டியில், பெரியவளின் பின்பக்கம் வெளிர்மஞ்சளாக ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது. முட்டைக்கூடு. போன தடவையும் இப்படித்தான், காலையில் பார்த்தால் காய்ந்து கிடந்தது, மற்றதுகள் அதை மென்றுகொண்டிருந்தன.

12.40. உள்ளே இழுத்துக்கொண்டாள்! கூட்டை வெளியே தள்ளி, ஒரு திருப்புத் திருப்பி, வயிற்றுக்குள் இருக்கும் பைக்குள் மறுபடி வாங்கிக்கொள்வதுதான் இந்த மடகாஸ்கர் சீறும் கரப்பானின் வழக்கம். சமையலறைக் கரப்பான் மாதிரி கூட்டை எங்கேயாவது போட்டுவிட்டுப் போகிற ஜாதி இல்லை, உள்ளேயே வைத்திருந்து குஞ்சாகப் பெறுவது. தெரியும். தெரிந்தும் கை நடுங்கியது.
ஏறக்குறைய 60 நாள். மே 2.

மார்ச் 4
அவள் ஒளிந்திருக்கும் காகித அட்டையைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. இரண்டு தடவை பார்த்தாயிற்று.

மார்ச் 12
கொம்பனுக்கும் புதியவனுக்கும் சண்டை. கடி எல்லாம் கிடையாது, ஆணுக்கு மட்டும் தலைக்கு மேல் புடைத்திருக்கும் அந்த இரண்டு கொம்பால் முட்டித் தள்ளுவதுதான், கூடவே சீறல். வாயால் இல்லை, வயிற்றோரத்து மூச்சுத்துளை வழியாகக் காற்றைத் தள்ளி. போனில் இருந்த அக்கா "என்னடா, குக்கரா?" என்றாள். ஆமாம் என்றேன். வேறு எதையும் அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மார்ச் 20
28 டிகிரி. கேரட் தீர்ந்துவிட்டது. பதில் வரவில்லை.

ஏப்ரல் 6
ராத்திரி எப்போது மின்சாரம் போனதோ தெரியவில்லை, காலையில் பெட்டியைச் சூடாக வைத்திருக்கும் ஹீட் மேட் சில்லென்று இருக்கிறது, பெட்டிக்குள் 19. குளிர் பட்டாலும், ரொம்ப வறண்டாலும் கூட்டை உதறிவிடுவதுண்டு, போன தடவை அதனால்தான் போயிற்றா, அல்லது நான் சும்மா சும்மா அட்டையைத் தூக்கிப் பார்த்ததால் போயிற்றா, அதுவும் தெரியாமலே இத்தனை மாதம் ஓடிவிட்டது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியோடு ஒட்டி வைத்தேன், ஆறியதும் மாற்றினேன், மறுபடி மாற்றினேன். மதியம் 26. அடித்தட்டில் கூடு எதுவும் விழுந்து கிடக்கவில்லை. அதற்காக அவள் வயிற்றில் இருக்கிறது என்று அர்த்தமா? மற்றதுகள் தின்று முடித்திருந்தால்?

ஏப்ரல் 7
சாப்பிடுகிறாள். அது போதும் இன்றைக்கு.

ஏப்ரல் 17
அட்டை இடுக்கில் ஒன்று பால் வெள்ளையாக நின்றது. சட்டை உரித்திருக்கிறது. ஆறு தடவை உரித்தால்தான் முழு வளர்ச்சி, இது எத்தனையாவதோ. தொட்டால் நசுங்கிவிடும் போல அத்தனை மிருது. உரித்த சட்டையைத் தானே தின்றது, சாயங்காலத்துக்குள் பழுப்பாகிக் கூட்டத்தில் கலந்துவிட்டது. எது என்று இப்போது கேட்டால் காட்ட முடியாது. பொறாமையாக இருந்தது, எதற்கென்று எழுதப்போவதில்லை.

ஏப்ரல் 29
உறை வந்தது. பிரிக்கவில்லை. பெட்டிக்கு மேலேயே வைத்திருக்கிறேன்.

மே 2
ஒன்றும் இல்லை.

மே 3
இல்லை.

மே 5
கணக்கே தப்போ. சூட்டைப் பொறுத்து நாள் கூடும், குறையும், சரி, ஆனால் அந்த 19 டிகிரி ராத்திரி.

மே 7
விடியற்காலை 4.10. மூன்றாவது அட்டைக்குக் கீழே பெரியவள் அசையாமல் நிற்கிறாள், அவள் வயிற்றுக்கு அடியில் அரிசி கொட்டிய மாதிரி. நகரும் அரிசி! 23 வரை எண்ணினேன், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கணக்கு தப்பியது. கிட்டே விரலைக் கொண்டுபோனேன், சீறினாள். சீறட்டும்.
தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிட்டு ஈரப்பஞ்சு வைத்தேன், குஞ்சுகள் மூழ்கிவிடும்.

காலை 9. எல்லாம் கறுத்துவிட்டன. மறுபடி எண்ணினேன். 31. மறுபடி. 30.
ஏறி வெளியே போகாமலிருக்க விளிம்பில் தடவிய வாசலைனில் ஒரு இடத்தில் கோடு விழுந்திருக்கிறது. அதற்கு நேர் மேலேதான் உறை இருக்கிறது. டார்ச்சை எங்கே வைத்தேன்