ஒரத்தநாட்டுச் சத்திரமும் அத்தையின் பட்டாவும்

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை வழியாகக் கடற்கரைக்குப் போகிற சாலை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஆனால் அங்கங்கே வண்டியை நிறுத்தி, இறங்கி, நின்று பார்த்தது இந்த ஜூன் மாதம்தான். கடைமடைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் அத்தைக்குப் பங்கு இருக்கிறது. தாத்தா பெயரிலேயே கிடந்த பட்டாவை உட்பிரிவு செய்து அத்தை பெயருக்கு மாற்ற வேண்டும். மாமா காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். "நீ கூட வா தம்பி, எனக்கு ஒரு தெம்பா இருக்கும்" என்று அத்தை போன் செய்தார். சித்தப்பா மகனின் காரை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தஞ்சாவூரை விட்டு வெளியே வந்ததும் கல்லணைக் கால்வாய். எங்கள் ஊரில் அதைப் புது ஆறு என்றுதான் சொல்வோம். மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-இல் பயன்பாட்டுக்கு வந்த கால்வாய், தொண்ணூறு வயது தாண்டியும் இன்னும் புது ஆறுதான். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து நிலங்களுக்கெல்லாம் காவிரித் தண்ணீர் இதன் வழியாகத்தான் வரவேண்டும். மேட்டூர் திறந்ததும் மேலே இருப்பவன் நாற்றுவிட ஆரம்பித்துவிடுவான். கடைமடைக்காரன் "எப்ப வரும், எப்ப வரும்" என்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அத்தை ஊர் அந்தக் கடைமடையில் இருக்கிறது.

சாலை முன்பைவிட நன்றாக இருக்கிறது. அகலப்படுத்தியிருக்கிறார்கள், வண்டி சீராகப் போகிறது. குறை என்றால் வேகத்தடைகளைத்தான் சொல்லவேண்டும். பள்ளிக்கூடம், கோயில், முச்சந்தி என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வேகத்தடை. பல இடங்களில் வெள்ளைக்கோடு அழிந்துபோய், பத்தடி பக்கத்தில் வந்த பிறகுதான் கண்ணுக்கே தெரிகிறது. இரவில் பைக்கில் வருகிறவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. ஒரு டப்பா பெயிண்ட் அடித்தால் தீர்கிற விஷயம் இது.

ஒரத்தநாட்டில் அத்தைக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் நடந்தால் சரியாகும் என்றார். டீ குடித்துவிட்டு, இருவருமாக முத்தாம்பாள் சத்திரத்தைப் பார்க்கப் போனோம். ஒரத்தநாட்டுக்கே முத்தாம்பாள்புரம் என்று ஒரு பெயர் உண்டு. மன்னர் இரண்டாம் சரபோஜியின் அன்புக்குரிய முத்தாம்பாள் நினைவாக 1802-இல் எழுந்த சத்திரம் இது. சாகும் தறுவாயில் தன் பெயரில் ஒரு அன்னசத்திரம் வேண்டும் என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள். முகப்பே ஒரு தேர். குதிரைகளும் யானைகளும் சேர்ந்து இழுத்துப் போகிற மாதிரி செதுக்கியிருக்கிறார்கள். சக்கரத்தின் ஆரக்கால்களைக் கையால் தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. இருநூறு வருஷமாக எத்தனை பேர் இப்படித் தடவியிருப்பார்களோ. அரசுப் பள்ளி மாணவர்கள் தங்கும் விடுதியாகவும் இது பல காலம் இருந்தது. அதனால் அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் பலர் "நான் சத்திரத்துல படிச்சவன்" என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள்.

தஞ்சை மராட்டியர் காலத்தில் ராமேசுவரம் போகிற யாத்திரிகர்களுக்காக இந்தப் பாதையில் வரிசையாகச் சத்திரங்கள் இருந்தன. ஒரத்தநாடு தாண்டினால் ராஜாமடம், சேதுபாவாசத்திரம் என்று கடலோரம் வரை அந்தப் பெயர்கள் தொடரும். காசியிலிருந்து நடந்து வருகிறவன்கூட இந்தப் பாதையில் பசியோடு படுக்க வேண்டியதில்லை.

சரபோஜி 1801-இல் கும்பினியாரின், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின், தஞ்சைப் பிரதிநிதியான ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாட்டு நிர்வாகம் கும்பினியார் கைக்குப் போன சமயம் அது. சத்திரங்களுக்கு விட்ட மானியத்தில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள் என்று கேட்டு எழுதிய கடிதம். அதில் சத்திரம் எப்படி நடக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். சாதி பார்க்காமல் வருகிறவர்களுக்கெல்லாம் சோறு. காலையில் தொடங்கும் சோறு நடுராத்திரி வரைக்கும் உண்டு. கடைசியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் இருந்தால் வரச்சொல்லிக் கூப்பிடுவார்கள். சத்திரத்தில் வாத்தியார் உண்டு, வைத்தியர் உண்டு, விஷக்கடிக்குத் தனியாக ஆள் உண்டு. வழியில் நோயில் விழுந்தவர்களுக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும். கைக்குழந்தைக்குப் பால். பிள்ளைத்தாய்ச்சி வந்தால் பிரசவம் பார்த்து, உடம்பு தேறுகிறவரை வைத்துக்கொள்வார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல். அந்த எண்ணெய்க் குளியல்தான் என்னை உலுக்கியது. ஊர் பேர் தெரியாத பிள்ளையின் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டும் என்பதை ஒரு அரசாங்கம் நினைத்து வைத்து, அதற்குப் பணமும் ஒதுக்கியிருக்கிறது!

சத்திரங்களுக்கு மானியமாக விட்ட நிலங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றைக் கவனிக்க தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியரின் கீழ் சத்திரம் நிர்வாகம் என்று தனியாக ஒரு பிரிவு உண்டு. வருவாய்த் துறையும் சத்திரமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். நான் அடுத்துச் சொல்லப்போவதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

தோப்புக்குப் போனோம். உட்பிரிவு இல்லாத நிலம் என்றால் பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் சரியாக இருந்தால் பட்டா பெயர் மாறிவிடும். ஒரே சர்வே நம்பரைப் பிரிக்க வேண்டும் என்றால் சர்வேயர் நேரில் வந்து அளந்து, உட்பிரிவு எண் போட்டுப் புலப்படத்தில் கோடு கிழிக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டு, பணம் கட்டி, அவர் வருகிற நாளைக் கேட்டுத்தான் நாங்கள் போயிருந்தோம்.

அங்கே ஆரம்பித்தது சிக்கல். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் இந்தப் பக்கத்தைப் புரட்டிப் போட்டதே, அதற்கு முன்பு அத்தை தோப்பில் எல்லைக்குப் பஞ்சமில்லை. வடகிழக்கு மூலையில் ஒரு பலா, தெற்கே இரட்டைத் தென்னை, வாய்க்கால் ஓரம் ஒரு புளியமரம். அந்த ஒரே ராத்திரியில் எல்லாம் சாய்ந்தது. விழுந்த மரங்களை ஜேசிபி வைத்து இழுத்தபோது சர்வே கல்லும் மண்ணுக்குள் மறைந்துவிட்டது. ஆனால் ஊர்க்காரர்களின் பேச்சில் அந்த மரங்கள் இன்னும் அசையாமல் நிற்கின்றன. "பலாமரத்துக்கு நேரா போங்க" என்று பக்கத்துத் தோப்புக்காரர் கை காட்டுகிறார். அங்கே வெறும் மண்தான் இருக்கிறது. வழி கேட்டாலும் அப்படித்தான். "கஜாவுல டவர் விழுந்துச்சே, அந்தத் திருப்பம்" என்கிறார்கள். கல்யாணம், காட்சி, கடன் என்று எதைச் சொன்னாலும் கஜாவுக்கு முன்னாடி, கஜாவுக்குப் பின்னாடி என்றுதான் கணக்கு. இருபது முப்பது வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்த மரங்களை ஒரே இரவில் இழந்தவர்களுக்கு வேறு எப்படிக் கணக்கு வரும்?

சர்வேயர் பொறுமையான மனிதர். புலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, வாய்க்கால் கரையில் அடுத்த சர்வே நம்பரின் கல்லிலிருந்து அளந்துகொண்டு வந்தார். தலையாரி கடப்பாரையால் அங்கங்கே குத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் 'ணங்'கென்று சத்தம். மண்ணைக் கிளறினால் முழங்கை நீளத்துக்கு ஒரு கருங்கல், தலையில் அம்புக்குறி மாதிரி வெட்டு, பக்கத்தில் சிவப்பு எறும்புப் புற்று. "இதுதாம்மா உங்க கல்லு, இது எங்கயும் போகாது" என்றார் சர்வேயர். அத்தை குனிந்து அந்தக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்புறம் தாலுகா அலுவலகம். கடலோரத் தாலுகாக்களில் ஒன்று, பெயர் வேண்டாம். வேலை செய்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒருவருக்கு மூன்று பேர் வேலை. மேஜையில் கட்டுக் கட்டாகக் கோப்பு, நடுவில் சர்வர் வேலை செய்யவில்லை என்று கம்ப்யூட்டர் நின்றுவிடும். என் ஆதங்கம் வேறு. வெளியே காத்திருக்கிற ஜனங்களுக்கு அங்கே இடமே இல்லை. வராண்டாவில் உடைந்த ஒரு பெஞ்சு. கழிப்பறையைப் பூட்டி, சாவியை உள்ளே வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் ரோட்டைத் தாண்டிப் போய்க் கடையில் பாட்டில் வாங்க வேண்டும். முதியோர் உதவித்தொகைக்கு வந்த பாட்டிகள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கைக்குழந்தையோடு சாதிச் சான்றுக்கு வந்த ஒரு பெண், பிள்ளைக்குப் பால் கொடுக்க இடம் தேடி, கடைசியில் நின்றிருந்த ஒரு ஜீப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

"உக்கார ஒரு எடம் இருந்தா சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டுப் போறேம்பா. நிக்கத்தான் முடியல" என்றார் அத்தை. நான் போய்க் காரிலிருந்த சின்ன மெத்தையை எடுத்துவந்து படியில் போட்டேன்.

கைக்குழந்தைக்குப் பால் என்று சரபோஜி எழுதினது அப்போது ஞாபகம் வந்தது. அந்தக் கடிதம் போய் இரண்டு நூற்றாண்டு ஆகிறது. அதே மண், அதே வருவாய் நிர்வாகம். வருகிறவனுக்குக் கால் வலிக்கும், தாகம் எடுக்கும், பசிக்கும் என்று அன்றைக்கு நினைத்தவர்கள் இருந்தார்கள்.

முடியாத காரியமும் இல்லை. ஜமாபந்தி நாளில் அதே அலுவலகத்தைப் பார்த்தோம். ஜமாபந்தி தெரியாதவர்களுக்கு: வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலி ஆண்டு ஜூன் 30-ஆம் தேதியோடு முடிகிறது. அதையொட்டி ஒவ்வொரு தாலுகாவிலும் கிராமக் கணக்குகளை மேலதிகாரி வந்து தணிக்கை செய்வார். எந்தக் கிராமத்துக்கு எந்த நாள் என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். வி.ஏ.ஓ.க்கள் அடங்கலையும் மற்றப் பதிவேடுகளையும் சுமந்துகொண்டு வருவார்கள். மக்களும் நேராக மனு கொடுக்கலாம். ஒரு மேஜையில் நில அளவைச் சங்கிலியைப் பரப்பி வைத்திருந்தார்கள். கணுக்கணுவாக இரும்புக் கம்பி, இரண்டு முனையிலும் பித்தளைப் பிடி. அதையும் அதிகாரி பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

அன்றைக்கு வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி வரிசையாக. ஒரு பானையில் நீர்மோர். கழிப்பறை திறந்திருந்தது. எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக்கொடுக்க ஒரு மேஜை. அத்தை நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் மோர் குடித்தார். பக்கத்துப் பாட்டியோடு கதை பேசி, அவர் மகள் வீட்டு விஷயம் வரைக்கும் தெரிந்துகொண்டார். அதிகாரி வருகிற நாளுக்குச் செய்கிறதை மற்ற நாளிலும் செய்யச் சொல்லித்தான் கேட்கிறேன். இருபது நாற்காலி, ஒரு குடிநீர்த் தொட்டி, திறந்த கழிப்பறை, பால் கொடுக்க ஒரு தடுப்பு. எந்தத் தாலுகாவுக்கும் இது பெரிய செலவில்லை. அன்றைக்குக் கொடுத்த மனுவில் அத்தை பட்டா விஷயத்தோடு இதையும் சேர்த்து எழுதச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம்.

வேலை முடிந்த கையோடு கடலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருப்பினேன். மல்லிப்பட்டினம் பக்கத்தில் மனோரா. கடலோரத்தில் ஆறு பட்டையாக, எட்டு அடுக்காக ஏறிப்போகிற கோபுரம், சுற்றிலும் மதிலும் அகழியும். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு இது கோயிலா, கோட்டையா, கலங்கரை விளக்கமா என்று குழப்பமாக இருக்கும். இதுவும் சரபோஜி கட்டியதுதான். நெப்போலியன் வீழ்ந்ததையும் ஆங்கிலேயர் வென்றதையும் கொண்டாடி 1814-ஆம் ஆண்டு எழுப்பியதாகக் கல்வெட்டு சொல்கிறது. எங்கோ பிரான்சில் ஒருவர் பதவி இழந்ததற்குப் பட்டுக்கோட்டைச் சீமையில் ஒரு கோபுரம். ராஜ்யம் கையைவிட்டுப் போன மன்னர் கும்பினியாரின் நட்பைக் காப்பாற்றக் கட்டியது அது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆச்சரியம் எனக்கு நிறைய உண்டு. மனசு மட்டும் ஒரத்தநாட்டுச் சத்திரத்தின் பக்கம்தான் போகிறது.

மனோராவுக்கு முன்னால் கடல் அமைதியானது. பாக் நீரிணையில் ஆழம் குறைவு, பெரிய அலை கிடையாது, அடியில் கடல்புல் விரிந்து கிடக்கிறது. அதை மேய்கிற கடல்பசுக்களுக்காகத் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் தமிழக அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுதான் முதல் கடல்பசுப் பாதுகாப்பகம். வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒரு மீனவர், "மாட்டினா வலையை அறுத்து விட்டுருவோம்ணே, வலை போனாப் போவுது" என்றார். கட்டுமரக் காலத்துப் பெரியவர்கள் அதைத் தின்ற கதையையும் ஒளிக்காமல் சொன்னார்.

நீங்கள் போவதாக இருந்தால் தஞ்சாவூரிலிருந்து காலையிலேயே கிளம்புங்கள். ஒரத்தநாட்டுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மனோராவில் வெயிலுக்கு ஒதுங்க நிழல் குறைவு, அதனால் நாலு மணிக்கு மேல் போனால் நல்லது. தண்ணீர் கையில் இருக்கட்டும்.

அத்தை பெயரில் பட்டா வந்துவிட்டது. இணையத்திலேயே எடுத்து, லேமினேஷன் போட்டு, பூஜை அறையில் வைத்திருக்கிறார். நாற்காலி விஷயத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. அடுத்த ஜமாபந்திக்கும் மனு கொடுக்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.