மூட்டைக்கு இரண்டு குடம்

ஜனவரி 18, 2025, சனி

பாலக்கோட்டுக்கு அருகில் அத்தை பெயரில் இருக்கும் நான்கு சென்ட் மனையில், 950 சதுர அடி வீட்டை ஒப்பந்தக்காரர் இல்லாமல் நாங்களே கட்டுவது என்று முடிவாகிவிட்டது. விலை கேட்ட இருவரும் சதுர அடிக்கு ஒரு தொகை சொன்னார்களே தவிர, அதில் எத்தனை மூட்டை சிமென்ட், எத்தனை கிலோ கம்பி என்பதை எழுதித் தர முன்வரவில்லை. 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனை என்பதால் சுயசான்று முறையில் இணையத்திலேயே கட்டட அனுமதி பெற முடிந்தது. மேஸ்திரிக்குக் கூலி மட்டும் சதுர அடிக் கணக்கில். பொருள்கள் எங்கள் பொறுப்பு. கணவர் ஓசூரிலிருந்து ஞாயிறன்று மட்டுமே வர முடியும் என்பதால் அந்தப் பொறுப்பில் பெரும்பங்கு என்னுடையது.

இன்று போர்வெல் போட்டோம். 640 அடியில் ஒன்றரை அங்குலத் தண்ணீர். வரும் 25ஆம் தேதி, தை 12, வாஸ்து நாளில் பூமி பூஜை.

பிப்ரவரி 9, ஞாயிறு

தண்ணீர்ப் பரிசோதனை முடிவு வந்தது. கான்கிரீட்டுக்கு ஏற்ற தண்ணீர்தான். உப்பு அளவுக்குள் இருக்கிறது. ஆனால் புளூரைடு லிட்டருக்கு 2.1 மில்லிகிராம். குடிநீரில் 1.5க்கு மேல் கூடாது. என் வகுப்பில் பழுப்புக் கறை படிந்த பற்களோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைத் தினமும் பார்ப்பவள் என்பதால், இந்த ஓர் எண் என்னை நீண்ட நேரம் உறுத்திக்கொண்டே இருந்தது. "காய்ச்சிக் குடித்தால் போகாதா?" என்று அத்தை கேட்டார். போகாது, காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் குறைந்து புளூரைடு இன்னும் செறிவாகும். ஆகவே கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் ஒகேனக்கல் தண்ணீருக்குத் தனித் தொட்டி, அதிலிருந்து சமையலறைக்குத் தனிக் குழாய். இதை இப்போதே வரைபடத்தில் குறித்துவிட்டேன், சுவர் பூசிய பிறகு நினைத்துப் பயனில்லை.

மார்ச் 1, சனி

இரண்டு யூனிட் எம்-சாண்ட் என்று வந்த லாரியின் தொட்டியை நாடாவால் அளந்தேன். நீளம் 11 அடி, அகலம் ஆறரை, மணல் நின்ற உயரம் இரண்டரை. ஏறக்குறைய 179 கன அடி. யூனிட்டுக்கு 100 கன அடி வீதம் 200 இருந்திருக்க வேண்டும். ஓட்டுநர் முகம் சுளித்தாலும் விற்றவர் தொகையைக் குறைத்துக்கொண்டார். கம்பியையும் இப்படியே எடை பார்க்கிறேன்: 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 888 கிராம், 12 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி பத்தரைக் கிலோவுக்குச் சற்று மேல் நிற்க வேண்டும்.

ஏப்ரல் 26, சனி

கூரைத் தளம் போட்டோம். விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் கலவை இயந்திரம் ஓடத் தொடங்கியது. ஒரு மூட்டை சிமென்டுக்கு ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி, தண்ணீர் 30 லிட்டருக்கு மிகாமல், அதாவது பதினைந்து லிட்டர் குடத்தில் இரண்டு, என்று முதல் நாளே பேசி வைத்திருந்தோம். மணலில் ஈரம் இருந்தால் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். ஒன்பது மணிவரை எல்லாம் சரியாக நடந்தது.

வெயில் ஏறியதும் மேலே இழுப்பவர்கள் "கலவை இறுகுது, தண்ணி விடு" என்று குரல் கொடுக்க, இயந்திரத்தடியில் நின்றவர் மூன்றாவது குடத்தைத் தூக்கிவிட்டார். நான் தடுத்தேன். அவர்கள் சோம்பலால் கேட்கவில்லை; அந்த வெயிலில் இறுகிய கலவையை இழுப்பது உண்மையிலேயே உடலை முறிக்கும் வேலை. ஆனால் தேவைக்கு மேல் ஊற்றிய தண்ணீர் பின்னால் ஆவியாகி, தான் இருந்த இடத்தைத் துளைகளாக விட்டுச் செல்லும். தளத்தின் வலு அங்கேதான் குறைகிறது, மழைநீர் கசிவதற்கும் அதுவே வழி. மேஸ்திரி சற்று யோசித்து, "டீச்சர், ஜல்லி சூடேறிக் கிடக்குது, அதுதான் தண்ணிய உறிஞ்சுது. முதல்ல ஜல்லிய நனைச்சிரலாம்" என்றார். ஜல்லிக் குவியலை நனைத்து, நீர் வடிந்ததும் அள்ளிப் போடச் செய்தார். இரண்டு குடத்திலேயே கலவை இளகி வந்தது. புத்தகத்தில் அளவை மட்டும் படித்திருந்த எனக்கு, அந்த அளவைக் காப்பாற்றும் வழியை அவர்தான் காட்டினார். மாலை மூன்று மணிக்கு 96 மூட்டைகளுடன் வேலை முடிந்தது.

மே 5, திங்கள்

நேற்று அக்னி நட்சத்திரம் தொடங்கியது. தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறோம். நாம் வாங்கிய சிமென்ட் வகைக்குப் பத்து நாளாவது ஈரம் வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456, இந்த வெயிலுக்குப் பதினான்கு நாள் என்று வைத்துக்கொண்டேன். காலையில் நானும் மாலையில் அத்தையும் ஏறிப் பார்க்கிறோம்.

மே 17, சனி

இருபத்தோராம் நாள், தளத்தைத் தாங்கி நின்ற முட்டுகளைப் பிரித்தார்கள். நடுவிலிருந்து சுவரை நோக்கி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும் என்று மேஸ்திரி அருகிலேயே நின்றார். பலகைகள் இறங்கியபோது அடிப்பகுதியில் எங்கும் கம்பி தெரியவில்லை. ஜல்லி பிதுங்கிய இடம் குளியலறை மூலையில் ஒரு கையகலம் மட்டும். அதைச் சுத்தம் செய்து கலவை வைத்துவிட்டார். அத்தை நடு அறையில் நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

திங்களன்று குழாய்க்காகச் சுவர் வெட்டுகிறார்கள். சமையலறைச் சுவரில் ஒகேனக்கல் குழாய் வரும் இடத்தை நீலச் சுண்ணக்கட்டியால் கோடிட்டு வைத்தேன்.