ஐந்து சுரமும் நடுவில் நிற்கும் காந்தாரமும்: ப்ளூஸ் காதுப் பயிற்சி அனுபவம்

ப்ளூஸ் இசைக்கு அடிப்படையான, ஐந்தே சுரம் கொண்ட மைனர் பென்டாடோனிக் ஸ்கேலைக் கிட்டாரில் வாசிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஐந்தாம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டம், ஒரு ஃப்ரெட் நகர்ந்தால் அரைச்சுரம் மாறும்) கையை வைத்தால் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கிலும் இரண்டிரண்டு சுரம், விரல் சீக்கிரமே பழகிவிடும். அதே சுரங்களை வேறு யாராவது வாசிக்கும்போது இது இன்னது என்று காதால் பிடிப்பது தனி வேலை. இந்த வருடம் அந்த வேலையில் இறங்கினேன். எது பலன் தந்தது, இப்போது எங்கே நிற்கிறேன் என்று எழுதி வைக்கிறேன்.

நான் எடுத்துக்கொண்டது ஏ மைனர் பென்டாடோனிக். மேற்கத்தியப் பெயர்களில் ஏ, சி, டி, ஈ, ஜி. ஏ-வை ஸட்ஜமாக வைத்தால் ஸ, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம் என்று வரும். சுத்த தன்யாசியின் அதே ஐந்து சுரங்கள். மேஜர் பென்டாடோனிக்கின் சுரங்கள் மோகனத்தினுடையவை. மோகனத்தின் தைவதத்தை ஸட்ஜமாக்கிக் கிரக பேதம் செய்தால் சுத்த தன்யாசி கிடைக்கும். சி மேஜருக்கு ஏ மைனர் ரிலேட்டிவ் என்று கிட்டார் பாடங்களில் சொல்வதும் இதே உறவுதான். மோகனப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது.

காதுப் பயிற்சிக்கு ஐந்து சுரம் நல்ல தொடக்கம் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இடைவெளிகள். அடுத்தடுத்த சுரங்களுக்கு நடுவே இரண்டு ஃப்ரெட் இருக்கும், இல்லையென்றால் மூன்று. ஒரே ஒரு ஃப்ரெட் இடைவெளி எங்குமே கிடையாது. அதனால் பக்கத்துச் சுரத்தோடு ஒட்டிக் குழம்பாது.

செய்த முறை எளிமையானது. சுருதி ஆப்பை ஆறு கட்டையில், அதாவது ஏ-வில், ஸ-ப வைத்து ஓடவிடுவேன். ஐந்து சுரங்களையும் தனித்தனியாக ஃபோனில் பதிந்து, வரிசை மாற்றிக் கேட்பேன். கேட்ட சுரத்தை முதலில் பாட வேண்டும். அப்புறம் அங்கிருந்து ஸட்ஜத்துக்குப் போக வேண்டும். பெயர் சொல்வது அதற்குப் பிறகுதான். நிஷாதம் ஒரே எட்டில் மேலே ஏறி ஸட்ஜத்தைத் தொடும், காந்தாரம் கீழே இறங்கித் தொடும். இந்த இரண்டும் சீக்கிரம் பிடிபட்டன. மத்யமமும் பஞ்சமமும்தான் நேரம் எடுத்தன. சுருதியில் பஞ்சமம் ஏற்கெனவே ஒலிப்பதால் அதைப் பாடினால் குரல் கரைந்துபோகும். மத்யமம் அப்படிக் கரையாது, அந்தப் பஞ்சமத்தோடு லேசாக உரசும். அந்த உரசலைக் கேட்கத் தொடங்கிய பிறகு இரண்டும் பிரிந்துவிட்டன.

ஸட்ஜம் எதுவென்று தராமல் வெறும் இரண்டு சுரத்தை ஒலித்து இடைவெளி கேட்கும் ஆப்களையும் பயன்படுத்திப் பார்த்தேன். மதிப்பெண் ஏறுகிறது, பாட்டு கேட்கும்போது உதவுவதில்லை. சுரம் தன் ஸட்ஜத்தோடு வரும்போதுதான் முகம் காட்டுகிறது.

இனி ப்ளூஸ் ஸ்கேல். மைனர் பென்டாடோனிக்கோடு ஈ ஃப்ளாட், அதாவது பிரதி மத்யமம், ஒன்று சேர்கிறது. இப்போது டி, ஈ ஃப்ளாட், ஈ மூன்றும் அடுத்தடுத்த ஃப்ரெட்டில் வரிசையாக நிற்கும். கர்நாடக இசையின் தாய் ராகப் பட்டியலான மேளகர்த்தாவில் ஒரு மேளத்துக்கு ஒரு மத்யமம்தான். இரண்டு மத்யமமும் வரும் பேஹாக், ஹமீர் கல்யாணி போன்ற ராகங்களில் பழக்கமுள்ளவர்களுக்கு இது எளிதாக இருக்கலாம். ஈ ஃப்ளாட்டில் குரலை நிறுத்திப் பார்த்தால் அதன் குணம் தெரியும்: நிற்க முடியாது, மேலேயோ கீழேயோ தள்ளிவிடும். ஆகவே அதைத் தனியாகப் பயிற்சி செய்வதை விட்டுவிட்டு, ம-விலிருந்து ப-வுக்கு ஏறும் வழியிலும் இறங்கும் வழியிலும் மட்டும் பாடினேன்.

இதைவிட ஆழமானது காந்தாரம். ப்ளூஸில் காந்தாரம் சி-யிலும் நிற்பதில்லை, அந்தர காந்தாரமான சி ஷார்ப்பிலும் நிற்பதில்லை, இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டை இல்லாததால் இரண்டையும் உரசவிட்டு வாசிப்பார்கள். கிட்டாரில் மூன்றாம் ஸ்ட்ரிங் ஐந்தாம் ஃப்ரெட்டை அழுத்தி, கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி இம்மியளவு வளைத்தால் வரும். மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் ஒருவர் கத்தியைக் கம்பிகளின் மேல் அழுத்தி கிட்டார் வாசித்ததை ப்ளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கத்திக்கு ஃப்ரெட் கணக்கு கிடையாது. வயல்வெளியில் வேலை செய்த கறுப்பின மக்களின் குரலில் இருந்து வந்த இசை இது, குரலுக்கும் ஃப்ரெட் இல்லை.

ஆகவே இதையும் குரலில்தான் தொடங்கினேன். சி-யில் இருந்து சி ஷார்ப்புக்கு மெல்ல இழுத்துப் பாடி, வழியில் எங்கே ப்ளூஸ் வாசம் வருகிறது என்று கேட்பது. அப்புறம் அதே இடத்தைக் கிட்டாரில் தேடுவது.

வளைப்பதைச் சரிபார்க்க இன்னொரு பயிற்சியும் கைகொடுத்தது. மூன்றாம் ஸ்ட்ரிங் ஏழாம் ஃப்ரெட்டில் உள்ள டி-யை ஈ வரைக்கும் வளைக்க வேண்டும். இரண்டாம் ஸ்ட்ரிங் ஐந்தாம் ஃப்ரெட்டில் ஈ தயாராக இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒலித்தால், சுருதி சேராதவரை 'வா வா வா' என்று ஒரு துடிப்பு கேட்கும். நெருங்க நெருங்கத் துடிப்பு மெதுவாகி, சேரும் இடத்தில் நின்றுவிடும். ட்யூனரைப் பார்ப்பதைவிட இது காதுக்கு நல்லது.

ஆனால் எனக்கு உண்மையான திருப்பம் சுருதி ஆப்பை அணைத்துவிட்டு பன்னிரண்டு பார் (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று) பேக்கிங் ட்ராக், அதாவது பின்னணி இசைப் பதிவு, போட்டபோதுதான் வந்தது. கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள், இப்படி வரும்: ஏ7 நான்கு பார், டி7 இரண்டு, மறுபடி ஏ7 இரண்டு, பிறகு ஈ7, டி7, ஏ7, கடைசி பாரில் ஏ7 அல்லது ஈ7. நம் சுருதி கச்சேரி முழுக்க அசையாது. இங்கே ஸட்ஜம் ஏ-விலேயே இருக்க, கீழே தரை நகர்கிறது. சி-யை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ7-க்குள் சி ஷார்ப் இருப்பதால் சி அதோடு மோதிக் காரம் தரும். ஐந்தாம் பாரில் டி7 வந்ததும் அதே சி கார்டின் சொந்தச் சுரமாகி அமர்ந்துவிடும். ஜி ஏ7-க்குள் சொந்தம், டி7-இல் தொங்கும், ஈ7-இல் ஜி ஷார்ப்போடு மோதும்.

இதைக் கேட்க நான் செய்தது, பன்னிரண்டு பாருக்கும் வெறும் ஏ மட்டும் பாடுவது. டி7-இல் அது பஞ்சமமாக நிமிர்கிறது. ஈ7-இல் மத்யமமாகி, கீழே ஜி ஷார்ப்புக்கு இறங்கத் துடிக்கிறது. குரல் ஒரே இடத்தில் இருக்கும்போதே அதன் நிறம் மாறுவதைக் கேட்பது பெரிய ஆனந்தம். இதைப் பழகிய பிறகு, பாட்டு நடுவில் இருந்து கேட்டாலும் எந்தப் பாரில் இருக்கிறோம் என்று தெரிகிறது. ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

கேட்டு எழுதும் பயிற்சிக்கு முழு சோலோவைத் தொடுவதில்லை. ப்ளூஸில் நான்கு பாரில் பாடகர் முதல் இரண்டில் ஒரு வரி பாடி நிறுத்த, மிச்ச இரண்டு பாரில் கிட்டார் பதில் சொல்லும். ப்ளூஸ் பாடகரும் கிட்டார் கலைஞருமான பி. பி. கிங் பாடும்போது கிட்டாரை நிறுத்திவிட்டு, பாடி முடித்ததும் வாசிப்பவர், அதனால் அந்தப் பதில்கள் தெளிவாகக் கிடைக்கின்றன. ஒரு பதிலை மட்டும் எடுத்து, பாட வரும்வரை கேட்டு, பிறகே கிட்டாரைத் தொடுகிறேன்.

பென்டாடோனிக்கின் ஐந்து சுரங்களும் இப்போது யோசிக்காமலே கேட்கின்றன. வேகமாக இறங்கும்போது ஈ ஃப்ளாட் இன்னும் நழுவுகிறது. தற்போது கையில் இருப்பது மேஜர், மைனர் பென்டாடோனிக் இரண்டையும் கலப்பது: ஏ7-இல் சி ஷார்ப், எஃப் ஷார்ப் வைத்து மோகனத்தின் சுரங்கள், டி7 வந்ததும் சி-க்கு மாறி மைனர். ஐந்தாம் பாருக்கு முன்னால் அந்த மாற்றத்தை மனதுக்குள் கேட்டுவிட்டால் விரல் சரியாகப் போகிறது. ஒன்பது, பத்தாம் பார்களில் ஈ7, டி7 என்று பாருக்குப் பார் கார்ட் மாறும் இடத்தைத்தான் இந்த மாதம் மெதுவான ட்ராக்கில் பாடிக்கொண்டிருக்கிறேன்.