பல்செட்டு ராத்திரி தண்ணீரில் கிடக்கட்டும்

பல்செட்டைக் கழுவும் முன் வாஷ்பேசினில் பாதி தண்ணீர் பிடியுங்கள், இல்லையென்றால் ஒரு துவர்த்தை (துண்டை) மடித்துப் போடுங்கள். சோப்பு நுரையில் வழுக்கி விழுந்தால் அக்ரிலிக் பிளாஸ்டிக் செட்டு இரண்டாகிவிடும்.

பற்பசை வேண்டாம். அதிலுள்ள தேய்ப்புப் பொடி மெல்லிய கீறல் போடும். அந்தக் கீறலில்தான் தேயிலைக் கறையும் பூஞ்சையும் குடியேறும். உமிக்கரி அதைவிட மோசம். மிருதுவான பிரஷ், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு இரண்டு சொட்டு போதும். ஈறில் பதியும் குழிந்த உட்பக்கத்தை நன்றாகத் தேயுங்கள். அழுக்கு தங்குவது அங்கேதான். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றால் உடனே கழற்றி அலசணும், மாவு அண்ணத்தோடு பசையாக ஒட்டிக்கொள்ளும்.

கொதிநீர் பட்டால் செட்டு வளையும். ராத்திரி கழற்றி, மூழ்கும் அளவு சாதாரணத் தண்ணீரில் போடுங்கள். மாட்டியபடியே தூங்குகிறவர்களுக்கு அண்ணம் சிவந்துபோகும். பெரும்பாலும் கேண்டிடா பூஞ்சைதான். வலி இல்லாததால் பெரியவர்கள் சொல்லவே மாட்டார்கள். வீட்டிலுள்ளவர்கள் டார்ச் அடித்துப் பாருங்கள், தயவுசெய்து.

பல் போன இடத்தில் எலும்பு தேய்ந்துகொண்டே வருவதால் செட்டு லூசாகும். கத்தியால் சீவாதீர்கள், பசை வைத்தும் ஒட்டாதீர்கள். நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, பக்கத்துப் பல் டாக்டரிடம் போனால் உட்பக்கம் புது அடுக்கு பிடித்துத் தருவார். உடைந்திருந்தால் சின்னத் துண்டையும் விடாமல் பொறுக்கிக் கொண்டுபோங்கள்.